அருணாசலக் கவிராயர்: பாட்டு மிஞ்சியது, காட்சி எங்கே போச்சு?

போன ஆடியில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு சாயங்காலம். நல்ல மழை, மூடுபனி. வெளியே போக வழியில்லாமல் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'எப்படி மனம் துணிந்ததோ', உசேனி ராகம். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தில் வரும் பாட்டு. பாடியவர் அதை அப்படியே உருக்கினார். ஒவ்வொரு சொல்லையும் இழைத்து இழைத்து, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. கேட்டு முடித்ததும் மனசு கனத்துப் போச்சு. நல்ல பாட்டு, அவ்வளவுதான் தோன்றியது.

மழை விட்டதும் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, மலையடிவாரத்தில் ஒரு ஊருக்குக் கூத்துப் பார்க்கப் போனேன். அன்றைக்கு கர்ண மோட்சம். விடியற்காலை மூன்று மணி வாக்கில் கர்ணன் போருக்குக் கிளம்புகிறான். பொன்னுருவி வழிமறிக்கிறாள். பொன்னுருவி வேஷம் கட்டியிருந்தவர் நாற்பது வயது ஆண். இரண்டு பேருக்கும் தர்க்கம். அவள் ஒரு தரு பாடுவாள், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், உடனே கர்ணன் பதில் தரு. அவள் அழவும் செய்தாள். ஆனால் அழுதுகொண்டே கேள்வி கேட்டாள். என் பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, யாரையும் பார்க்காமல், "அவ கேக்கறது நாயந்தானே கண்ணு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் நான் கேட்டதும் இதே காட்சிதானே? புருஷன் கிளம்புகிறான். பெண்டாட்டி வழிமறித்துக் கேட்கிறாள். காட்டுக்குப் போகிறேன், நீ இங்கேயே இரு என்று ராமன் சொன்னதும் சீதை, "என்னை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?" என்று எதிர்த்து நிற்கிற இடம் அது. அது ஒரு சண்டை. நான் இத்தனை வருஷமாக அதை ஒரு சோகப்பாட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தவறைப் பற்றியது. கவிராயரைப் பாடலாசிரியர், கீர்த்தனைக்காரர், தமிழிசை மும்மூர்த்திகளில் ஒருவர் என்றெல்லாம் சொல்கிறோம். எல்லாம் சரி. ஆனால் அவர் செய்தது நாடகம். அதை மறந்துவிட்டு அவர் பாட்டைக் கேட்டால் பாதிதான் காதில் விழும் என்பது என் கட்சி.

1711

கவிராயர் பிறந்தது 1711-இல், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தில்லையாடியில். வள்ளியம்மையால் நமக்குத் தெரிந்த அதே தில்லையாடி. அதே 1711-இல், பிப்ரவரி மாதம், லண்டனில் ஹேண்டலின் 'ரினால்டோ' மேடையேறியது. ஹேண்டல் லண்டனுக்கென்று எழுதிய முதல் இத்தாலிய ஆப்பெரா அது. ஐரோப்பிய இசை வரலாற்றில் பரோக் காலம் என்கிறார்களே, அதன் உச்சத்தில் இருந்த நாடக இசைக்காரர் ஹேண்டல்.

இன்னொரு தற்செயலும் உண்டு. ஹேண்டல் 1685-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிறந்தவர். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கவிராயர் குழந்தையாக இருந்தபோது, சில மைல் தள்ளி ஹாலேக்காரர்கள் தமிழ் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இதனால் ஒருவர் இசை இன்னொருவருக்கு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரே காலத்தில் இரண்டு ஊர்களில் நாடகத்துக்குப் பாட்டு எப்படிச் செய்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது வசதியாக இருக்கிறது. அதற்காகத்தான் ஹேண்டலை இழுக்கிறேன்.

கவிராயரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். தருமபுரம் ஆதீனத்தில் தமிழும் சைவமும் படித்தார். துறவியாகாமல் கல்யாணம் செய்துகொண்டு, பிழைப்புக்குக் காசுக்கடை வைத்திருந்தார். பிறகு ஆதீனத்தாரின் ஆதரவில் சீர்காழிக்குக் குடிவந்து, 1779-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஊர்ப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. சீர்காழித் தலபுராணம், சீர்காழிக் கோவை, அநுமார் பிள்ளைத்தமிழ், அசோமுகி நாடகம் என்று மற்ற நூல்களும் உண்டு. ஆனால் பேர் சொல்லும் நூல் இராம நாடகம்தான். வாழ்வின் பிற்பகுதியில் செய்தது.

ஒரு சைவ மடத்து மாணவர் ராமன் கதையை எழுதுகிறார். அதை வைணவர்களின் தலைக்கோயிலான ஸ்ரீரங்கத்தில், கம்பன் அரங்கேற்றிய இடம் என்று மரபு சொல்லும் அதே கோயிலில், அரங்கேற்றுகிறார். சென்னையில் கும்பெனிக்காரர்களின் துபாஷாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் அவரை ஆதரிக்கிறார். மடம், கோயில், துபாஷ் என்று மூன்று ஆதரவு. லண்டனில் ஹேண்டலுக்கு இருந்தது டிக்கெட் வாங்கும் கூட்டமும் பணம் போட்ட பிரபுக்களும். அங்கே வசூல் குறைந்தால் நாடகம் நின்றுவிடும். இங்கே சபை ஒப்புக்கொண்டால் நூல் நிற்கும்.

இசையமைத்தது யார்?

இங்கேதான் ஒரு சிக்கல். கவிராயரை இசையமைப்பாளர் என்று சொல்லலாமா?

அவரிடம் கம்பராமாயணம் பாடம் கேட்டுவந்த சட்டநாதபுரம் வெங்கடராமய்யர், கோதண்டராமய்யர் என்ற இரண்டு மாணவர்கள்தான் இராம நாடகப் பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் அமைத்தார்கள் என்பது மரபு. சட்டநாதபுரம் சீர்காழியை ஒட்டிய ஊர். அதாவது சொல் குருவுடையது, மெட்டு சிஷ்யர்களுடையது.

இன்றைக்கு அந்த மெட்டும் முழுசாக நம்மிடம் இல்லை. பழைய பதிப்புகளில் குறித்திருக்கும் ராகம் ஒன்று, மேடையில் பாடப்படும் ராகம் ஒன்று என்று பல பாட்டுகளுக்கு இருக்கிறது. அனுமன் திரும்பி வந்து ராமனிடம் சேதி சொல்லும் 'கண்டேன் கண்டேன்' பாட்டை இன்றைக்குப் பலரும் பாகேஸ்ரீயில் பாடுகிறார்கள். பாகேஸ்ரீ வடக்கிலிருந்து வந்த ராகம். 18-ஆம் நூற்றாண்டுச் சீர்காழி மாணவர்கள் அதில் மெட்டுப் போட்டிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. பின்னால் வந்த வித்வான்கள் புது மெட்டு அமைத்துப் பாடியதால்தான் பல பாட்டுகள் உயிரோடு இருக்கின்றன.

இப்போது ஹேண்டல் பக்கம் பாருங்கள். 'ரினால்டோ'வில் மிகப் பிரபலமான பாட்டு 'லாஷா கியோ பியாங்கா'. அர்மிதா என்ற சூனியக்காரி நாயகி அல்மிரேனாவைக் கடத்திக்கொண்டுபோய்ச் சிறைவைத்திருக்கிறாள். ஒரு தோட்டத்தில் நின்று, என் விதியை நினைத்து அழவாவது விடு என்று அவள் பாடுகிறாள். நமக்கு உடனே அசோகவனம் ஞாபகம் வரும். அந்த மெட்டு 'ரினால்டோ'வுக்கென்று பிறந்தது இல்லை. 1705-இல் 'அல்மீரா' என்ற ஆப்பெராவில் அது வார்த்தையே இல்லாத ஒரு நடன இசை. 1707-இல் ரோமில் வேறு வார்த்தை போட்டு, முள்ளை விட்டு ரோஜாவைப் பறி என்று புத்தி சொல்லும் பாட்டாக ஆக்கினார். 1711-இல் சிறைப்பட்ட பெண்ணின் அழுகையாக மாற்றினார். மெட்டு ஒன்றே, வார்த்தை மூன்று நிலை. அந்த ஆப்பெராவுக்கு வார்த்தை எழுதிய ஜாக்கோமோ ரோஸியை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கே மெட்டு நிலையானது, சொல் மாறியது. இங்கே சொல் நிலையானது, மெட்டு மாறியது. அங்கே சொல்லெழுதியவர் பெயர் மறைந்தது. இங்கே மெட்டுப்போட்ட இருவர் பெயரும் அடிக்குறிப்பாகிவிட்டது.

அப்படியென்றால் கவிராயரிடம் இசை இல்லையா? இருக்கிறது. அது சொல்லுக்குள் இருக்கிறது. எந்த இடத்தில் சந்தம் வேகமாக ஓட வேண்டும், எந்த இடத்தில் ஒரு கேள்வி வந்து தடுத்து நிறுத்த வேண்டும், பல்லவி எத்தனை தரம் திரும்பி வந்தாலும் சலிக்காமல் இருக்க என்ன சொல் வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். ராகத்தை மாற்றினாலும் பாட்டு குலையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். மெட்டு சட்டை மாதிரி. எலும்புக்கூடு அவர் போட்டது.

தரு என்ன செய்கிறது

இராம நாடகத்தில் பாட்டுக்குப் பேர் தரு. அடிவாரத்துக் கூத்திலும் அதே பேர்தான். விருத்தம், தரு, வசனம் என்று மாறி மாறி வரும். விருத்தம் தாளமில்லாமல் நிலைமையைச் சொல்லும். தரு தாளத்தோடு பேசும். யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம், ஏதோ ஒரு காரியத்துக்காகப் பேசுவதுதான் தரு. இந்த மூன்றில் ஒன்று போனாலும் தரு வெறும் பாட்டாகிவிடும்.

'கண்டேன் கண்டேன்' நல்ல உதாரணம். கம்பனில் இந்த இடத்தை எல்லாரும் மேடையில் சொல்லிக் கேட்டிருப்போம். அனுமன் வாயைத் திறந்ததும் முதல் சொல்லிலேயே கண்டேன் என்கிறான். சீதை என்று ஆரம்பித்தால், அடுத்த சொல் வருவதற்குள் ராமன் துடித்துப் போவான். அதனால் வினையை முன்னால் வைக்கிறான் என்பார்கள். கம்பனில் அது ஒரு தரம் நடக்கிறது. செய்யுள் முன்னே போய்விடுகிறது.

கவிராயர் அந்த ஒரு சொல்லை எடுத்துப் பல்லவியாக்கினார். பல்லவி என்றால் திரும்பத் திரும்ப வரும். அனுமன் அங்கே பார்த்த நிலைமையை விவரிக்க விவரிக்க, கேட்கும் ராமனுக்கு மனசு கலங்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவை கலங்கும்போதும் பல்லவி வந்து "கண்டேன்" என்று தோளைத் தொடுகிறது. அவள் உயிரோடு இருக்கிறாள், நான் பார்த்தேன் என்கிறது. கம்பனின் ஒரு நொடி சாமர்த்தியம் இங்கே பாட்டின் அமைப்பாகவே ஆகிவிட்டது. கம்பனை எளிமையாக்கிக் கொடுத்தார் என்று கவிராயரைப் பற்றிச் சொல்வது வழக்கம். எளிமையாக்கியது உண்மை. கம்பனின் நுட்பம் பல இடங்களில் இங்கே பேச்சுவழக்காகத் தட்டையாகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரி இடங்களில் அவர் கம்பனிடம் இல்லாத ஒரு கருவியைக் கொண்டு வேலை செய்கிறார்.

ஹேண்டலின் பாட்டுகளிலும் திரும்பி வருதல் உண்டு. முதல் பகுதி, நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. மறுபடி வரும்போது பாடகர் தன் வித்தையைக் காட்டி அலங்காரம் செய்வார், நம் சங்கதி மாதிரி. அந்த நேரத்தில் கதை நின்றுவிடும். பாத்திரம் தன் மனநிலையைச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் மேடையை விட்டுப் போய்விடும். தருவில் கதை நிற்பதில்லை. பல்லவி திரும்பினாலும் சரணம் பேச்சை நகர்த்திக்கொண்டே போகிறது. கூத்துப் பார்த்தவர்களுக்கு இதன் நடைமுறைப் பயனும் தெரியும். பின்பாட்டு பல்லவியை வாங்கும்போது பாடுகிறவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. கண்ணயர்ந்த ஆள் விழித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொரு வித்தியாசம். 'ரினால்டோ'வில் தோட்டக் காட்சிக்கு நிஜக் குருவிகளை மேடையில் பறக்கவிட்டார்கள். 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை அதை நன்றாகக் கேலி செய்தது. நம் மேடைக்கு இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரைச்சீலை போதும். தோட்டமும் கடலும் சொல்லில்தான் வர வேண்டும். கவிராயர் சொல்லை அவ்வளவு நெருக்கிக் கட்டியிருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கச்சேரி எதை வைத்துக்கொண்டது

கச்சேரி மேடைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய காலத்தில் தமிழ்ப் பாட்டுகளைத் தேடி எடுத்துப் பாட ஒரு வேகம் வந்தது. கவிராயர் அதனால் பலருடைய காதுக்கும் வந்து சேர்ந்தார். தியாகராஜர் பிறந்தது 1767-இல். அவருக்கு 12 வயது ஆகும்போது கவிராயர் வாழ்ந்து முடித்துவிட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டில் தமிழில் இவ்வளவு பெரிய வேலை அதற்கு முன்பே நடந்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டியது அந்த இயக்கம். நல்ல காரியம்.

ஆனால் கச்சேரிக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பாடுகிறவர் எப்போதும் பக்தராக இருக்க வேண்டும். பாட்டு யார் வாயில் வந்தாலும் அது கடவுளைப் பார்த்து உருகுவதாக மாறிவிடும். கவிராயர் பாட்டுகளில் எது இதைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

'ஏன் பள்ளிகொண்டீர் ஐயா' நன்றாகத் தாங்குகிறது. ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றம் நடக்க வேண்டுமென்றால் தன்மேலும் ஒரு பாட்டு வேண்டும் என்று அரங்கநாதர் கேட்டதாகவும், அப்போது பாடியது இது என்றும் கதை. மோகனத்தில் கேட்டிருப்பீர்கள். எதனால் இவ்வளவு களைப்பு? முனிவர் சொன்ன வேலையைச் செய்ததாலா, வில்லை முறித்ததாலா, பெண்டாட்டியோடு வழிநடந்ததாலா, மாரீசன் பின்னால் ஓடியதாலா, கடலைக் கட்டியதாலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மொத்த ராமாயணமும் கேள்வியாகவே ஓடி முடிந்துவிடுகிறது. குடந்தையில் கிடக்கும் பெருமாளைப் பார்த்துத் திருமழிசையாழ்வார் கால் வலிக்கிறதா என்று கேட்ட மரபின் தொடர்ச்சி இது. இதில் பேசுவது கவிராயரே. பாத்திரம் யாரும் இல்லை. அதனால் கச்சேரியில் இதற்கு எந்த நஷ்டமும் வருவதில்லை.

'யாரோ இவர் யாரோ' அப்படியில்லை. மிதிலையில் கன்னிமாடத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு ராமன் தனக்குள் பேசிக்கொள்வது அது. முன்பின் தெரியாத பெண்ணை அவன் 'இவர்' என்கிறான். அந்த மரியாதையில் ராமன் யாரென்று தெரிந்துவிடுகிறது. ஆனால் 'இவர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. அதனால் காட்சியை எடுத்துவிட்டால் இது சீதை பாடுவதா ராமன் பாடுவதா என்பதே குழம்பிப்போகிறது. ரசிகர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் சீதை என்றார்கள்.

'எப்படி மனம் துணிந்ததோ'தான் அதிகமாக நஷ்டப்பட்டது. சீதை சுவாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் அவள் கேட்பது நியாயம். நீங்கள் இப்படிச் செய்தால் உலகம் ஒப்புமா என்று சாட்சிக்கு ஊரையே அழைக்கிறாள். எதிரில் ராமன் நிற்க வேண்டும். அவன் இப்போதுதான் தன் முடிவைச் சொல்லியிருக்க வேண்டும். கச்சேரியில் எதிரில் யாரும் இல்லை. ஆகவே கேள்வி வெறும் ஏக்கமாகிறது. கோபம் உருக்கமாகிறது. உசேனி ராகமும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பாடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது காட்சி இல்லாத பாட்டு.

ஒரு ஆட்சேபம் வரும். அரங்கேற்றம் என்றால் வேஷம் கட்டி ஆடினார்கள் என்று அர்த்தமில்லை, ஒருவரே பாடி விளக்கியிருக்கலாமே என்று. இருக்கலாம். கதாகாலட்சேபக்காரர்கள் ஒரே ஆளாகத்தான் எல்லாப் பாத்திரத்தையும் பேசினார்கள். ஆனால் அவர்களும் ராமன் சொன்னதைச் சொல்லிவிட்டுத்தான் சீதையின் பாட்டுக்கு வருவார்கள். எதிரில் ஆள் நிற்கிறார் என்று நம்மை நம்பவைப்பார்கள். வேஷம் இல்லாமலும் காட்சி இருக்க முடியும்.

ஒரு யோசனை

ஹேண்டலுக்கும் இதேதான் நடந்தது. 1759-இல் அவர் இறந்த பிறகு, ஏறக்குறைய 160 வருஷம் அவர் ஆப்பெராக்கள் பெரும்பாலும் மேடையேறவில்லை. தனித்தனிப் பாட்டுகள் மட்டும் கச்சேரிகளில் உலவின. சீமான் சீமாட்டிகள் வீட்டு வரவேற்பறையில் பியானோ பக்கத்தில் நின்று பாடும் பாட்டுகளாக ஆகிவிட்டன. நாடகமாக அவை தாங்காது என்றே நினைத்தார்கள். 1920-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊரில் 'ரோடெலிண்டா'வை மறுபடி மேடையேற்றினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பாட்டுகளுக்குள் பொறாமையும் சூழ்ச்சியும் பேரமும் இருப்பது தெரிய வந்தது. இன்றைக்கு உலகத்தின் பெரிய ஆப்பெரா அரங்குகளில் எல்லாம் ஹேண்டல் நடக்கிறது.

இராம நாடகத்தை முழுசாக மேடையேற்றுங்கள் என்று உடனே கேட்க நான் தயாரில்லை. அது பெரிய வேலை, பணம் வேண்டும், ஆள் வேண்டும். சின்னதாக ஒன்று செய்யலாம். கச்சேரியில் 'எப்படி மனம் துணிந்ததோ' பாடுவதற்கு முன்னால், ராமன் கிளம்பும் இடத்தை ஒரு விருத்தமாகப் பாடுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பாடும் கச்சேரி என்றால் ஒருவர் ராமன், ஒருவர் சீதை. ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும். அதற்குப் பிறகு பல்லவியை எடுத்துப் பாருங்கள், குரல் தானாகவே வேறு மாதிரி வரும். ராகத்தை மாற்ற வேண்டிய அவசியம்கூட இருக்காது.

எப்படிப் பாடுவது என்று சந்தேகம் வந்தால், ஆடி மாசம் சேர்வராயன் மலையடிவாரத்துக்கு வாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பொன்னுருவி சொல்லிக்கொடுப்பாள். போர்வை ஒன்று எடுத்துவருவது நல்லது.